கொடைக்கானல் மண்

காவலூருக்குத் தெற்கே, ஓடையோரம், வனத்துறை பைன் மரத்துக்கு நாற்றங்கால் போட்ட வருஷம் மழை சரியில்லை. பைன் என்றால் ஊசி ஊசியாக இலை விடும் குளிர்தேசத்து மரம். காகிதம் செய்ய ஆகுமாம். புளியும் கடுக்காயும் காய்க்கிற மலையில் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கூலி போய்விடும்.

நாற்றங்காலுக்கு மேஸ்திரி ரங்கன். தண்ணீர் ஊற்ற அவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணுவின் தம்பி காசி. மேலே ஒரு பாரஸ்டர், பாண்டுரங்கன்.

நாற்றுப் பைகளை நிரப்பும் சமயத்தில் மூட்டை மூட்டையாக மண் வந்து இறங்கியது. கொடைக்கானல் பைன் மரத்தடியில் வாரியது.

"பைக்கு ஒரு பிடி போடு" என்று ரங்கனிடம் சொன்னார் பாண்டுரங்கன்.

"இன்னாத்துக்குங்க? நம்ம மலையில மண்ணுக்கா பஞ்சம்?"

"மேலிடத்து உத்தரவுய்யா. போடுன்னா போடு."

காரணம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் மலை ஏறி வருவதும் இல்லை.

ரங்கன் மூட்டையைப் பிரித்தான். மண் முழுக்க வெள்ளை நூல் ஓடியிருந்தது. காளான் வாடை குப்பென்று அடித்தது.

"பூஞ்சணம் புடிச்ச மண்ணு. எவன் ஊரு நோவையோ கொண்டாந்து இங்க கொட்றானுங்க."

சாமை விதைக்குமுன் புதரை வெட்டிக் காயவைத்துக் கொளுத்துவது மலைக்காரன் வழக்கம். தீ பட்ட மண்தான் சுத்தம். ரங்கன் அதையே செய்தான். மண்ணைப் பாறைமேல் பரப்பி, சருகைக் குவித்துத் தீ வைத்தான்.

"இன்னா மாமா, மண்ணுக்குச் சோறாக்குறியா?" என்று சிரித்தான் காசி.

"ஒனக்கு ஆக்கிப் போட்றதுக்கு இது தேவலாம். கிளறுடா."

சுட்ட மண்ணை ஆறவைத்துப் பைக்கு ஒரு பிடி போட்டார்கள். கடைசி மூட்டையைக் கொட்டும்போது தூறல் பிடித்துக்கொண்டது. சருகு நனைந்து தீ ஏறவில்லை. அந்த மண்ணை அப்படியே ஓடையை ஒட்டிய வரிசைக்குப் போட்டார்கள்.

நாற்று எழும்பியது. பிறகு பழுத்தது. விரல் உயரத்தில் மஞ்சளாக நின்றுவிட்டது. ஓடையோர வரிசை மட்டும் கரும்பச்சை.

பாரஸ்டர் வந்து பார்த்தார். காசியைக் கூப்பிட்டார்.

"கிட்ட இருக்கிறதுக்கு மட்டும் ஊத்திட்டுப் படுத்துக்கிற. எட்டக்க நடக்க காலு வலிக்குதா?"

"சாமி சத்தியமா எல்லாத்துக்கும் ஊத்துனேங்க. மாமாவைக் கேளுங்க!"

அன்று காலையில்தான் ரங்கன் ஒரு பச்சைப் பையையும் ஒரு மஞ்சள் பையையும் கிழித்துப் பார்த்திருந்தான். பச்சை நாற்றின் வேரைச் சுற்றி அதே வெள்ளை நூல். மஞ்சள் நாற்றின் வேர் மொட்டையாக இருந்தது. அந்தப் பூஞ்சணம்தான் இந்த மரத்துக்குச் சோறு, அதைத் தானே சுட்டுக் கொன்றிருக்கிறோம் என்பது அவனுக்கு விளங்கியிருந்தது. சொன்னால் மேஸ்திரி வேலை போகும்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் அந்தப் பக்கம் வேலையா இருந்தேன்."

காசி அவனையே பார்த்தான். பாரஸ்டர் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். மறுநாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலை இறங்கி, சந்தவாசலில் மூட்டை தூக்கப் போனான்.

ராத்திரி அம்மாக்கண்ணு களியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என் தம்பி சோம்பேறின்னு ஊரே பேசுது. கூட இருந்த மனுசன் நீ. ஊத்துனானா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"களி ஆறுது. உடு."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

அதற்குப் பிறகு, கூலிப் பெண்கள் கஞ்சி குடிக்கப் போகும் நேரத்தில் ரங்கன் பச்சை வரிசையில் கிள்ளிக் கிள்ளி மண் எடுத்து மஞ்சள் பைகளில் போட்டான். காசி சுமந்த குடத்தைத் தானே சுமந்தான். கோணல் விளிம்பு தோளை அறுத்தது. அறுக்கட்டும் என்றுதான் துணி வைக்கவில்லை. நாற்றைத் தேற்றிவிட்டுக் காசியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

அடுத்த மழைக்குள் நாற்று தெளிந்தது. எல்லாமே பச்சை. பாண்டுரங்கனுக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்தியா ரங்கா? அந்தச் சோம்பேறி போனான், நாத்து பொழச்சுது!"

ரங்கன் குடத்தை இறக்கி வைத்தான்.

"ஐயா, தப்பு அவன்மேல இல்லீங்க. நான்தான் மண்ணைக் கொளுத்துனேன். அதுல இருந்த பூஞ்சணம் செத்ததாலதான் நாத்து பழுத்துச்சு. பச்சை வரிசை மண்ணைக் கிள்ளிப் போட்டேன், பொழச்சுக்கிச்சு."

அவர் சிரித்தார்.

"பூஞ்சணத்தால நாத்து சாவும்யா. எங்கியாவது பொழைக்குமா? மச்சானுக்கு வேலை வேணும்னா நேராக் கேளு, கதை கட்டாத. அவன் இருந்தப்ப மஞ்சள். போனதும் பச்சை. இதுக்குமேல இன்னா சாட்சி?"

உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை. இப்போது அதுவே பொய்யாகிவிட்டது. தேற்றிவிட்ட ஒவ்வொரு நாற்றும் காசிக்கு எதிராக நின்றது.

வீட்டுக்குப் போய் அம்மாக்கண்ணுவிடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் அடுப்பைத் தணித்தாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா? அவங்கிட்ட போய்ச் சொல்லு."

விடிந்ததும் இறங்கினான். ஒற்றையடிப் பாதையில், நடவுக்கு நாற்றுக் கூடை சுமந்து பெண்கள் எதிரே வந்தார்கள். முன்னால் வந்தவள் கேட்டாள்:

"இன்னா மேஸ்திரி, ஒன் நாத்து நடப்போவுது, நீ எங்க எறங்கிப் போற?"

"சந்தவாசலுக்கு."

"அங்க இன்னா சோலி?"

ரங்கன் ஒதுங்கிக் கூடைகளுக்கு வழி விட்டான்.

"தண்ணி ஊத்துனவன் அங்க இருக்கான்."