முப்பத்தெட்டுக் கிலோ

தராசின் முள் முப்பத்தெட்டில் நின்றது. பாறூக் குனிந்து இன்னொரு தரம் பார்த்தான். நெல்லு மூட்டை நிறுக்கிற தராசு அது, பிழை காட்டாது. மேலே வெறுங்காலோடு நின்ற புஸ்பத்தின் சேலையில் முழங்கால்வரை சேறு. அந்தச் சேற்றின் பாரமும் முப்பத்தெட்டுக்குள் அடக்கம்.

பாலத்தடிச் சோதனைச்சாவடி அதிகாரிக்கு அவன் சிங்களத்தில் எண்ணைச் சொன்னான். அவனுடைய நெல்லுக்கடை வாசலில் சாக்குகளின் மேல் புஸ்பத்தின் கணவர் கதிர்காமத்தம்பி கிடந்தார். சற்றுமுன் அவரைச் சிப்பாய்கள் தூக்கித் தராசில் இருத்தியபோது முள் எழுபத்திரண்டைத் தொட்டிருந்தது. தொடையில் ஷெல் துண்டு. அவள் கிழித்துக் கட்டிய துணி ஊறிக் கறுத்திருந்தது.

வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைச் சனம் ஷெல்லடிக்குப் பயந்து முந்தின நாளே பாலம் கடந்து போய்விட்டது. வெல்லாவெளிப் பக்கத்து வயல்வட்டையில் வேளாண்மையைப் பார்க்கப்போன இடத்தில் இவருக்குக் காயம். ஊரில் ஆளில்லை, வண்டியில்லை. விடிந்து வெகுநேரத்துக்குப் பிறகு, ஆளற்ற பாலத்தில் இவரை முதுகில் சுமந்தபடி அவள் தனியாக வந்தாள். சாவடிக்குக் கிட்ட வரும்வரை காவலிலிருந்தவன், மூட்டை ஒன்று தானாக நடந்து வருகிறது என்று நினைத்தானாம்.

"ஆர் கொண்டுவந்து விட்டதெண்டு திரும்பவும் கேக்கிறார்" என்றான் பாறூக்.

"நான்தான் காக்கா." அண்ணன் முறை வைத்து அழைத்தாள் அவள்.

"அங்க இருந்தா?"

"ஓம். வேற ஆரு இருக்காங்க?"

அதிகாரி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடக் காலத்தில் அவர் பாரம் தூக்கியவராம். ஆளின் எடைக்கு எத்தனை மடங்கு தூக்குகிறான் என்பதுதான் கணக்கு, வெறும் பலம் கணக்கில்லை என்று பாறூக்கிடம் விளக்கினார். வருடக்கணக்காகப் பழகி, இறைச்சியும் முட்டையும் தின்று, தன் எடையில் ஒன்றரை மடங்கைத் தலைக்குமேல் உயர்த்தியவர் அவர். அதுவும் ஒரு மூச்சு நேரம். இந்தப் பெண் ஏறத்தாழ இரண்டு மடங்கைச் சுமந்து இத்தனை தூரம் வந்தாள் என்றால் யார் நம்புவது? பின்னால் ஆயுதக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். பாலத்தடிவரை அவர்கள்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். உண்மை வரும்வரை ஆள் இங்கேயே கிடக்கட்டும் என்றார்.

பாறூக்காலும் நம்ப முடியவில்லை. அவன் கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் மலைபோல ஆட்கள். அவர்களுக்கே தோளில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் சாக்கில் பரவுகிற இரத்தத்தைப் பார்க்க அவனுக்குக் கால் தரிக்கவில்லை. "சேர், ஆள் செத்துப்போகும்" என்று கெஞ்சினான்.

"அப்படியென்றால் தூக்கிக் காட்டச் சொல்."

பாறூக் நிலத்தைப் பார்த்தபடி அதை அவளிடம் சொன்னான். அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் கணவரின் வாயில் விட்டாள். பிறகு அவருக்கு முதுகு காட்டிக் குந்தி, அவர் கைகளைத் தன் தோள்களின் மேலே இழுத்து, மணிக்கட்டுகளை முந்தானையால் கட்டினாள்.

"விடு புள்ள... போதும்" என்றார் அவர்.

"பேசாம இருங்க. பேசினா பாரம் கூடுது."

முன்னால் சரிந்து உள்ளங்கைகளை நிலத்தில் ஊன்றினாள். அவருடைய பாரம் முழுவதும் முதுகில் ஏறியது. வலது பாதத்தை இழுத்துப் பதித்தாள். கெண்டைக்கால் நரம்பு கயிறுபோலப் புடைத்துத் துடித்தது. ஒரு தரம் இடப்பக்கம் சாய்ந்தாள். அதிகாரியின் கைகள் தாமாகவே முன்னால் நீண்டு, அவளைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. அவள் கைகளை நிலத்திலிருந்து எடுத்துப் பின்னால் கொண்டுபோய், கணவரின் தொடைகளுக்குக் கீழே விரல்களைக் கோத்தாள். எழுந்தாள். அந்தச் சின்ன உடம்பு அவருக்குள் ஒளிந்துபோக, கீழே சேறு பூசிய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. 'அல்லாஹ்' என்ற சொல் பாறூக்கின் வாய்க்குள்ளேயே நின்றது.

"போதும், போதும். இறக்கச் சொல்." அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது.

"போதுமாம் அக்கா, இறக்குங்க."

"இறக்க மாட்டன் காக்கா. இறக்கினா மறுகா தூக்க ஏலா."

அவள் ஆஸ்பத்திரி றோட்டால் நடக்கத் தொடங்கினாள். யாரும் மறிக்கவில்லை. அதிகாரியே ஓடிப்போய்த் தடைக்கம்பை உயர்த்திப் பிடித்தார்.

பாறூக் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினை முடுக்கிக்கொண்டு பின்னால் போனான். வழியில் மறித்துப் பெட்டியின் விளிம்பை அவளுக்குப் பின்னால் கொண்டுவந்தான். அவள் கட்டை அவிழ்க்காமல், கோத்த விரல்களை விடாமல், அப்படியே பின்வாக்கில் அமர்ந்தாள். விரல்களைப் பிரித்துவிட அவன் முயன்றான். அவை பிரியவில்லை. அவளாலும் பிரிக்க முடியவில்லை.

கொஞ்சத் தூரம் போனதும் அவள் கூப்பிட்டாள்.

"காக்கா, எனக்குக் கிறுகிப் பாக்க ஏலா. இவர் மூச்சு விடுறாரா, பாருங்க."

பாறூக் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். கதிர்காமத்தம்பியின் முகம் அவள் பிடரியில் புதைந்திருந்தது. வாவிக்கரையில் காற்று இல்லை, தென்னோலைகள் அசையவில்லை. அவள் கழுத்தோரத்து மயிர் ஒன்று மட்டும் மெல்ல எழுந்து, படிந்து, மறுபடி எழுந்தது.