நாலாம் நம்பர் ஜாடி

எங்கள் வீட்டில் மொத்தம் மூன்று இடம். பெரிய ரூமில் என் கணவர் குறட்டை விடுகிறார். சின்ன ரூமில் அவருடைய ஒயின் பாட்டில்கள் தூங்குகின்றன. மிச்சம் ஹால். அதில் இரண்டு பேர் உட்காரும் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு நான் கிடக்கிறேன். பாட்டில்களைப் படுக்க வைத்துத்தான் வைக்க வேண்டுமாம், நிறுத்தினால் கார்க் காய்ந்துவிடுமாம். பதின்மூன்று டிகிரிக்கு மேல் சூடு ஆகாதாம். ஆக, பாட்டிலுக்குப் படுக்கையும் ஏசியும், பொண்டாட்டிக்கு சோபாவும் ஃபேனும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் இருந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் பல் டாக்டர். கிளினிக்கில் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது நான். வாரத்தில் ஆறு நாளும் "நல்லா கொப்பளிச்சுத் துப்புங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அதே வேலையை வீட்டில் அவரே செய்வார், கூட்டாளிகளோடு. ஒரே வித்தியாசம், கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொன்னால் துப்பிவிடுவார்கள்.

கூட்டாளிகள் மூன்று பேர். ஒரு வக்கீல், ஒரு பேங்க் மேனேஜர், அப்புறம் என் சொந்தத் தம்பி. அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கள் கிளினிக்கில் பல் சுத்தம் செய்ய வாங்கும் ஃபீஸைவிட எந்த பாட்டிலும் விலை கூடக் கூடாது. "காசைக் கொட்டினா யாரு வேணும்னாலும் நல்ல ஒயின் குடிக்கலாம். கம்மி விலையில நல்லதைப் பிடிக்கிறதுதான் வித்தை" என்பார் என் கணவர். அதில் எனக்குத் தகராறே இல்லை. பிடித்ததைக் குடித்துவிட்டு மனுஷன் சும்மா இருந்தால் நானே கைதட்டுவேன். குடித்த பிறகு பேசுகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியாது. வக்கீலுக்கு எதைக் குடித்தாலும் மழையில் நனைந்த தோல் பை வாசனை வரும். மேனேஜருக்கு பென்சில் சீவின வாசனை. என் கணவர் கிளாஸில் மூக்கை விட்டுக் கண்ணை மூடி "கிராம்பு" என்பார். எந்த ஒயினாக இருந்தாலும் கிராம்புதான். நாள் முழுக்கக் கிராம்பு எண்ணெயில் புழங்கும் கையால் கிளாஸைப் பிடித்தால் வேறென்ன வாசனை வரும்? மற்ற மூன்று பேரும் "ஆமா டாக்டர், லேசா இருக்கு" என்று தலையாட்டுவார்கள்.

அவருடைய உயிர் ஒரு சிவப்பு ஒயினில் இருந்தது. லேபிளில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. கடையில் அடித்தட்டில் தூசியோடு கிடந்ததை இவர்தான் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தாராம். "குனியத் தெரிஞ்சவனுக்குத்தான் நல்ல ஒயின்" என்று இரண்டு வருஷமாக அதே வசனம். சின்ன ரூமில் நாற்பது கொக்கு படுத்திருந்தது.

போன மாதம் கிளினிக்கில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். திடுக்கென்று விழித்து, பல் சுத்தம் செய்ய வந்தவரைப் பல் பிடுங்கும் நாற்காலிக்கு அனுப்பிவிட்டேன். ஊசியைப் பார்த்ததும் அந்த மனுஷனே கேட்டாரோ, பிழைத்தாரோ. அன்று மத்தியானம் கிளினிக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தூங்கணும். அந்த ரூம் வேணும்."

"நாற்பது பாட்டிலை எங்க வைக்கிறது?"

"சோபாவுல வைங்க. நான் ரெண்டு வருஷமா படுத்துப் பழக்கி வெச்சிருக்கேன்."

"உனக்கு அதோட அருமை தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

எனக்கு மூக்கு மேல் வந்தது கோபம். "உங்களுக்குத் தெரியுமா? பேரை மறைச்சு ஆறு ஒயின் வெச்சா உங்க கொக்கு எதுன்னு சொல்லிடுவீங்களா?"

"தூக்கத்துல எழுப்பிக் குடுத்தாக்கூட சொல்லுவேன்."

"சொல்லலைன்னா?"

"ரூம் உனக்கு. சொல்லிட்டா, இந்த ரூம் பேச்சை நீ ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது."

மருந்து எழுதும் சீட்டிலேயே அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நாலு பேரும் கூடினார்கள். பாட்டில் வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் என்று, ஆறு ஒயினையும் ஆறு கண்ணாடி ஜாடியில் ஊற்றி நம்பர் ஒட்டினேன். அதே மாதிரி, நம்பர் ஒட்டாமல் ஏழாவது ஜாடி, கிளாஸில் மிச்சமாவதைக் கொட்டுவதற்கு. துப்புவதற்குத் தனியாக ஒரு பக்கெட். நான் வாயில் வைப்பதில்லை என்பதால் ஊற்றிக்கொடுக்கும் வேலை என்னுடையது. எந்த நம்பர் எந்த ஒயின் என்று எழுதிக் கவரில் போட்டு வக்கீலிடம் கொடுத்தேன். கொக்கு நாலாம் நம்பர்.

முதல் சுற்று நாக்கைப் பழக்க. அதற்கு மார்க் கிடையாது. எனக்கு வேறு வேலை இல்லாததால் யார் எதைக் கொட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொட்டினார்கள். நாலாம் நம்பரை மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்து, கிளாஸை அப்படியே கவிழ்த்தார்கள். முதலில் கவிழ்த்தது யார் என்றும் பார்த்துக்கொண்டேன். ஏழாவது ஜாடி பாதி நிறைந்துவிட்டது.

இரண்டாம் சுற்றுக்கு முன்னால் எல்லா ஜாடியையும் சமையலறைக்குக் கொண்டுபோய்த் துடைத்து, பாட்டிலில் இருந்த மிச்சத்தையும் ஊற்றினேன். ஈரத்தில் ஒரு நம்பர் கழன்று விழுந்தது. நாலு. நம்பர் இல்லாமல் இரண்டு ஜாடி நின்றன, இரண்டும் சிவப்பு, இரண்டும் பாதி. ஒரு நிமிஷம் யோசித்து ஒன்றில் ஒட்டிக் கொண்டுபோய் வைத்தேன்.

பிஸ்கட் எடுக்கத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். மேடையில் நின்ற ஜாடி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மிச்சம் கொட்டின ஜாடியில், முதல் சுற்றில் மேனேஜர் பிஸ்கட்டை நனைத்துத் தின்ற கிளாஸும் அல்லவா கவிழ்ந்தது? அதில் தூள் மிதக்க வேண்டுமே. நாலை நான் ஒட்டினது தப்பு ஜாடியில். எட்டிப் பார்த்தேன். ஹாலில் நாலு பேரும் நாலாம் நம்பரைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பந்தயம் கலைந்துவிடும், மறுபடியும் சோபா. அதோடு மனசில் ஒரு கணக்கும் ஓடியது. கொக்கு வரிசையிலேயே இல்லை என்றால் இவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எதைக் காட்டினாலும் தப்புதானே. ரூம் எனக்குத்தான் என்று வாயை மூடிக்கொண்டு பிஸ்கட்டை நீட்டினேன்.

"அடேங்கப்பா" என்றார் வக்கீல், கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து. "என்ன ஒரு அடர்த்தி. ஒரே வாசனையில நிக்கலை பாருங்க, ஒவ்வொண்ணா வருது."

"அடியில ஏதோ தானியம் மாதிரி ஒரு ருசி" என்றார் மேனேஜர்.

தன் பிஸ்கட்டைத் தானே கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். என் தம்பி மறுபடி ஊற்றச் சொன்னான். என் கணவர் கண்ணை மூடினார்.

"கிராம்பு" என்றார். "இதுதான். இது என் கொக்கு."

வக்கீல் கவரைப் பிரித்துப் படித்தார். நாலு, கொக்கு. நாலு பேரும் முதல் மார்க் அதற்கே போட்டிருந்தார்கள். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார். ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டில் வாங்குவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வாயைத் திறந்திருந்தால் ஆட்டமாவது கலைந்திருக்கும், மூடிக்கொண்டு ரூமைத் தொலைத்தேன். புத்திசாலித்தனத்துக்கு நல்ல கூலி.

அவர் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார், முகமெல்லாம் பல்.

"பார்த்தியா? இனி ரூம் பேச்சே கிடையாது."

நான் மேடையில் இருந்த ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினேன். "இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் வைத்தார். உடனே சிங்க்கில் துப்பினார்.

"சீ. மிச்சம் கொட்டின ஜாடியையா குடுக்கிற? எது எதோ கலந்து, புளிச்சு, நாக்குல வைக்க முடியலை."

"இது கலக்காததுங்க. இதுதான் உங்க கொக்கு."

"அப்ப அங்க இருக்கிறது?"

"நீங்க நாலு பேரும் கொட்டினது. நம்பர் மாறிடுச்சு. வேணும்னா அடியில வடிகட்டிப் பாருங்க, மேனேஜர் சார் பிஸ்கட் இருக்கும்."

அவர் கிளாஸை வைத்த சத்தம் எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"துப்பினது பக்கெட்லதானே?"

"நீங்க மூணு பேரும் பக்கெட்ல. வக்கீல் சாரைப் பத்தி எனக்கு உறுதியாத் தெரியாது."

"அவர் ஈறுக்கு நான்தான் மருந்து எழுதிட்டிருக்கேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார் பல் டாக்டர்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த ஜாடியில பாதிக்கு மேல உங்க கொக்குதான். எல்லாரும் அதைத்தான் கவிழ்த்தீங்க. முதல்ல கவிழ்த்தது யாரு தெரியுமா?"

"யாரு?"

"நீங்க."

ஹாலில் "டாக்டரைக் கூப்பிடுங்க, அவர் இல்லாம என்ன?" என்று வக்கீல் குரல் கேட்டது. ரெண்டு வருஷமாக அந்தக் கொக்கைப் பற்றிப் பேசிய வாய், மீன் மாதிரி திறந்து மூடியது. எனக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என் முதுகு என்னைவிட வலுவாகப் பேசியது.

"அவங்ககிட்ட சொல்லப் போறியா?" என்றார்.

நான் கையை நீட்டினேன். "சாவி."

பாக்கெட்டிலிருந்து கொத்தை எடுத்து, கார்க் திருகியையும் வீட்டுச் சாவியையும் ஒதுக்கி, சின்ன ரூம் சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஹாலுக்குப் போய்ச் சிரித்தார்.

கொக்குகள் இப்போது ஹாலில் சோபாவில் படுத்திருக்கின்றன. ரூமை விட்டுக்கொடுத்ததற்கு அவர் ஊருக்குச் சொல்லும் காரணம், மனைவிமேல் பிரியம். சொல்லிக்கொள்ளட்டும், அதுவும் எனக்கு நல்லதுதான்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் எனக்கே ஃபோன் செய்தார். குரலில் ஒரு சங்கடம்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். பன்னிரண்டு பாட்டில் வாங்கினேன், நாலு திறந்தாச்சு. அன்னிக்கு உங்க வீட்டுல வந்த ருசி வரவே மாட்டேங்குது. ஜாடியில ஊத்தி எதாவது செஞ்சீங்களா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வராது.

"அது தனியா குடிச்சா வராது சார்" என்றேன். "நாலு பேரு சேர்ந்தாத்தான் வரும்."

"அதானே பார்த்தேன்" என்றார், பெரிய பாரம் இறங்கின மாதிரி. எழுதிக்கொள்வதும் கேட்டது. நான் ஃபோனை வைத்துவிட்டு, சின்ன ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தி, காலை நீட்டிப் படுத்தேன்.