உரைகல்லைத் துடைத்தவள்

சுகப்பிரியாவை எனக்குப் பிடிக்கும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அது சுத்தப் பொய். ஒரகடத்தில் ஒரே அறை, ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். ஊரும் இருவருக்கும் தென்காசிப் பக்கம்தான். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்தால் என் கால் வீங்கிவிடும், அவள் கால் வீங்காது. அதற்கே எனக்குக் கடுப்பாக இருக்கும்.

அவள் காதில் தங்க ஜிமிக்கி ஆடும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு கவரிங் செயின் வாங்கி மாட்டிக்கொண்டேன். "எங்க அத்தை போட்டது. மூணு பவுன். கழட்டவே கூடாதுன்னு சொல்லிட்டாவ" என்று அறையில் எல்லோரிடமும் அளந்துவிட்டேன்.

படப்பையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த நகை மதிப்பீட்டாளர் பயிற்சியில் நான்தான் முதலில் சேர்ந்தேன். அடுத்த வாரமே அவளும் வந்து நின்றாள். உரைகல்லில் நகையைத் தேய்க்க வேண்டும், விழும் கோட்டில் ஒரு சொட்டு ஆசிட் விட வேண்டும். தங்கம் என்றால் கோடு நிற்கும், கவரிங் என்றால் கரைந்துபோகும். சுகப்பிரியாவோ ஆசிட்டைத் தொடுவதற்கு முன்பே, கோட்டின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவாள்.

"இன்னா கண்ணுமா உனுக்கு!" என்பார் பயிற்சி தரும் யாக்கோபு சார். எனக்கு வயிறு பற்றி எரியும்.

பரீட்சையில் முதலில் வருபவருக்கு ஒரகடத்தில் திறக்கப்போகும் நகைக்கடன் கிளையில் வேலை என்று சார் சொல்லியிருந்தார். ஒரே ஒரு இடம். உட்கார்ந்து பார்க்கும் வேலை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதைவிட, அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

பரீட்சையன்று ஒன்பது நகைகள் முடிந்தன. அவளுக்கு ஒன்பதும் சரி, எனக்கும் ஒன்பதும் சரி. வேறு யாருக்கும் அப்படி இல்லை.

"பத்தாவது, பக்கத்துல கீறவங்க போட்டுக்கினு இருக்கற நகை" என்றார் சார். "மாத்திக்குங்க. தேச்சுப் பாத்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்."

என் பக்கத்தில் சுகப்பிரியா. செயினைக் கழற்றிக் கொடுத்தேன். எங்களோடு பயிற்சிக்கு வந்த எங்கள் அறைப் பெண்கள் இரண்டு பேர் பின்வரிசையில் இருந்தார்கள்.

முதலில் என் முறை. தங்கத்தின் தரம் குறையாதா என்ற ஆசையில் அவள் ஜிமிக்கியை மூன்று முறை தேய்த்தேன். குறையவில்லை. "கல்லு, அரக்கு கழிச்சு மூணே முக்கால் கிராம். இருபத்திரண்டு கேரட்" என்றேன். சார் தலையாட்டினார்.

அடுத்து அவள். என் செயினை அழுத்தி ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. 'முடிஞ்சது என் மானம்' என்று நினைத்துக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தெருமுனை வரை கேட்கக் கத்தியிருப்பேன்.

அவள் துப்பட்டா முனையால் உரைகல்லைத் துடைத்தாள். கோடு போய்விட்டது.

"சார், வேண்டியவங்க நகைக்கு மதிப்பு சொல்லாத, வேற ஆளுகிட்ட குடுத்துருன்னு கிளாஸ்ல சொன்னீயள்லா? இவ என் கூட இருக்கவ. நான் சொல்லலை."

"அது பிராஞ்சுலமா. இது பரீட்சை. சொல்லலைன்னா சைபர்தான்."

"போடுங்க சார்."

சார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சைபர் போட்டார். செயின் என் கைக்கு வந்தது. நாற்காலியும் எனக்கே வந்தது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவள் வேறு எதையெதையோ பேசிக்கொண்டு வந்தாள். அறை வாசலில்தான், மற்றவர்கள் உள்ளே போகட்டும் என்று காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி செல்வி, அந்தச் செயினைப் போட்டுக்கிட்டு பிராஞ்சுக்குப் போவாத. அங்க எல்லாரும் நகை தெரிஞ்சவங்க."

சொல்லிவிட்டுத் தன் ஜிமிக்கிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "மொத நாள் வெறுங்காதோட போக வேண்டாம். இதைப் போட்டுக்கோ."

வாங்கிக்கொண்டேன். நல்லவளாக இருப்பதிலும் அவள்தான் முதல். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.