வாசலில் நின்ற அலை

கடலிலிருந்து கிளம்பிய அலை ஒன்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு எங்கள் குடும்ப வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வரும்படி யாரும் சொல்லாததால், இரும்புக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. உயரம், ஓட்டுக்கூரைக்கு மேல் ஒரு முழம். இதைப் பற்றித் தீவில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர் பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்தார் என்றுகூடத் துறைமுகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கட்டிலுக்கு அடியில் பழைய படகு என்ஜின் ஒன்றும் மூன்று தகரப் பெட்டிகளும் இருக்கின்றன. பூனைக்கே இடம் கிடையாது. ஆகவே நடந்தது நடந்தபடி இங்கே எழுதப்படுகிறது.

எங்கள் குடும்பத்தில் யாரும் அழைக்காத வீட்டுக்குப் போவதில்லை. அழைப்பு என்றால் அந்த வீட்டு ஆள் நேரில் வந்து, உள்ளே உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் வாயால் சொல்ல வேண்டும். பெரியவர் படகு என்ஜின்களைப் பழுது பார்ப்பவர். இந்த விஷயத்தில் ஒரு திருகாணியைக்கூடத் தளர்த்தமாட்டார். அவருக்கு ஒரே தங்கை, பள்ளிச் சீருடை தைப்பவள். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு அவள் மேட்டில் வீடு கட்டிக் குடிபோனபோது, வேலை மும்முரத்தில் தபால்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். பெரியவர் தபால்காரரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். போகவில்லை. அண்ணன் வராத கோபத்தில் தங்கை கீழே இறங்குவதை நிறுத்தினாள். அவளையும்தான் யாரும் அழைக்கவில்லையே. இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

சங்கடம் என்னவென்றால், தீவில் மேடு என்று இருப்பது அந்த ஒன்றுதான், அதன் உச்சியில் இருப்பது அவள் வீட்டு முற்றம்தான். கடல் பொங்கினால் எல்லோரும் அங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி போட்ட பலகைகளைத் தெருத்தெருவாக நட்டிருந்தார்கள். அதில் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். பெரியவர் ஒழுங்காக மேடேறிப்போய், தங்கை வீட்டுக் கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை நிற்பார். துறைமுக அலுவலகக் குமாஸ்தா தன் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒவ்வொரு வருடமும் 'வந்தார், ஆனால் வரவில்லை' என்று எழுதிக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது ஒத்திகை அல்ல. ஒன்பது இருபதுக்குச் சங்கு ஊதியது. கடல் உள்வாங்கி, படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்தன. சனங்கள் ஆடு, டிவி, கட்டிய மூட்டை, கட்டாத மூட்டை என்று கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு மேடேறினார்கள். எல்லோரும் மேட்டுக்கு வரும்படி குமாஸ்தா ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார். அவர் அந்த வீட்டு ஆள் இல்லையே என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மனைவி, தீவில் எல்லோருக்கும் வீட்டம்மா, துணிப்பையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பத்தாறு வருடங்களாக அவரைத் தனியாக விட்டதில்லை. அன்றும் விடுவதாக இல்லை.

"உங்க மானத்துக்கு நீச்சல் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மேலே முற்றம் நிறைந்துவிட்டது. தங்கை கூட்டத்துக்குள் இரண்டுமுறை சுற்றிவந்தாள், மூன்றாம்முறை கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். குடையைக் காணோம். ஆள் அனுப்பினால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் இறங்கி ஓடினாள். பாதி வழியில் கடல் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். திரும்பவில்லை. அலை கரையேறித் துறைமுகத் தெருவுக்குள் நுழைந்தது. சனங்கள் திறந்துபோட்டுவிட்டு ஓடிய வீடுகளுக்குள் எல்லாம் தாராளமாகப் போய்வந்தது. கதவு திறந்திருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆள் இருந்து கேட் சாத்தியிருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். தங்கை கேட்டைத் தொட்டபோது அலை அவளுக்கு இரண்டு எட்டுப் பின்னால் இருந்தது. இருவரும் நின்றார்கள்.

கழுத்தில் உப்புத் தண்ணீர் சொட்டியும் அவள் தாழ்ப்பாளில் கைவைக்கவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண். அலையிலிருந்து சின்ன மீன் ஒன்று வழுக்கி அவள் தோளில் விழுந்தது. அதை எடுத்து மறுபடி அலைக்குள்ளேயே வைத்தாள்.

பெரியவர் எழுந்துவிட்டார். உள்ளே வா என்று சொன்னால் போதும், தங்கை வந்துவிடுவாள். ஆனால் அவளோடு சேர்ந்து நிற்பதும் அது தனக்குத்தான் என்று நினைத்துவிடும். சொல்லாமல் இருந்தாலோ, அவள் அங்கேயே நிற்பாள். அலையின் பொறுமை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கேட்டுக்கு அருகில் போனார். பிறகு, பத்தொன்பது வருடங்களாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரை அவர் சொன்னார்.

"மூக்கி, நீ மட்டும் உள்ளே வா."

அவள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அலை சற்று முன்னால் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்துகொண்டது. வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்தார். தங்கை பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, அவசரப்படாமல் குடித்தாள்.

"அண்ணே, அண்ணி, ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வரணும். பத்தொன்பது வருஷம் லேட்டுதான். அதுக்கு இப்ப சண்டை போடாதே, வெளியில ஆள் நிக்குது."

பெரியவர் சலவைச் சட்டையை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டார். முன்வாசலில் வழி இல்லாததால் பின்வாசல் வழியாகப் போனார்கள். ஓடவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். மேட்டு வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது முற்றமே எழுந்து வழிவிட்டது. முன்னறை ஜன்னல் கோணலாக இருக்கிறது என்பது அவர் சொன்ன முதல் வார்த்தை. அன்றைக்கே வந்திருந்தால் தச்சனிடம் சொல்லியிருக்கலாமே என்றாள் தங்கை. சமாதானப் பேச்சு அத்துடன் முடிந்தது.

அலை இரண்டு நாள் அங்கேயே நின்றது. ஆபத்து நீங்கிவிட்டது என்ற உத்தரவைக் குமாஸ்தா அதன் முன்னால் நின்று ஒலிபெருக்கியில் மூன்றுமுறை வாசித்துக் காட்டினார். அசையவில்லை. தபால்காரர் சைக்கிளைச் சுற்றுவழியில் ஓட்டினார். மேட்டில் இருந்த பெரியவருக்கு விஷயம் தெரிந்ததும் சாப்பாடு இறங்கவில்லை. நம் வாசலில் இரண்டு நாளாக ஒருவர் நிற்கிறார், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க நாதி இல்லை என்று ஊர் பேசாதா? தங்கையைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்து, பெரிய வெண்கல டம்ளரில் குடிதண்ணீரை நிரப்பி, கேட்டுக்கு மேலாக நீட்டினார். அலை குனிந்து குடித்தது. வந்தவரைப் போ என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

"போயிட்டு வாங்க" என்றார்.

"உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்று தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அலை பக்கத்து வீட்டுச் சுவரில் இடித்துவிடாமல் மெதுவாகத் திரும்பிப் போனது.

அதன்பின் வருடந்தோறும் அதே தேதியில், அதே பத்து நாற்பதுக்கு வருகிறது. பள்ளிக்கு அரைநாள் விடுமுறை விடுகிறார்கள். சனங்கள் இப்போது கதவுகளைச் சாத்திவிட்டுத்தான் மேடேறுகிறார்கள். தங்கை முந்தைய நாளே நேரில் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அண்ணனை அழைத்துவிட்டுப் போகிறாள். இருந்தாலும் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அவர் புறப்படுவார். இந்த வருடம் அது வந்து நின்றபோது, அதன் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, கேட்டின் உயரம்கூட இல்லாத இன்னொன்றும் வந்திருந்தது. வீட்டம்மா அதை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சின்ன டம்ளரையும் எடுத்துவந்தார்.