முள்மயிர் வழக்கு

இந்த நூற்றாண்டில் புற்களுக்கு நீதி வழங்கப் பிறந்தவன் நான். இதைத் தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

நரிவால் புல்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரயில் பாதையோரம், மைதான வேலியோரம் சிலிர்த்த கதிரோடு நிற்கும். அதன் பேரினத்துக்குச் செட்டேரியா என்று பெயர். கதிரிலுள்ள சிறுகதிர்களுக்கு அடியில் முள்மயிர் இருக்கும். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் எங்கள் கல்லூரியின் உலர்தாவர அறையில் ஒரு தாள் உண்டு. அதில் ஒட்டியிருந்த புல்லுக்கோ கிளைக்கு ஒன்றாக, நுனியில் மட்டும் முள்மயிர். ஆகவே அது செட்டேரியா அல்ல, பாஸ்பாலிடியம் என்ற வேறு பேரினம் என்பது என் தீர்ப்பு.

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அண்ணன் ஒப்பவில்லை. எதைக் கண்டாலும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார். ‘பசை’ என்று நான்தான் பெயர் வைத்தேன்.

“ஒத்த மயிருக்காக ஒரு புல்லைக் குடும்பத்தை விட்டே தள்ளி வைப்பியாடா?”

“பாவம் பாத்துச் சேத்துக்க இது என்ன அநாதை ஆசிரமமா அண்ணே?”

“புல்லை விடு. உன் வாயிதான்டா தனிப் பேரினம்.”

அந்த அறையில் பழைய பெயர்ச்சீட்டை யாரும் கிழிக்கக் கூடாது. மறுப்பவர் பக்கத்தில் தன் சீட்டை ஒட்டிக் கையெழுத்திட்டு, தாளைத் தான் சொல்லும் பேரினத்தின் உறைக்கு மாற்றலாம். நான் ஒட்டுவேன். இரண்டு நாள் கழித்து அவர் ஒட்டுவார். தாளில் புல்லைவிடச் சீட்டுகள் அதிகமாகிவிட்டன.

விடுதியில் என் அறைத்தோழன் காதில் மாட்டியதைக் கழற்றுவதே இல்லை. வீட்டிலிருந்து வரும் அழைப்பு ‘சாப்பிட்டியா’வில் தொடங்கி ‘சரி, வெச்சிடறேன்’ என்பதில் முடிந்துவிடும். என்னோடு உட்கார்ந்து சண்டை போட்டவர் பசை ஒருவர்தான்.

வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பும் நாளில், தோளில் பையோடு வந்து லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

“சரிடா, நீ சொன்னதுதான் சரி. தனிதான்.”

“போறப்ப மனசு வெச்சு விட்டுக் குடுக்கறீங்களா?”

“நிஜமாத்தான்டா. நல்லா பாத்துட்டேன். இனிமே நீ நிம்மதியா இரு.”

ஒப்புக்கொண்டு அவரே கடைசிச் சீட்டை ஒட்டினார். வென்றுவிட்டேன். தாளைப் புது உறையில் போட்டு, வேறெதுவும் இல்லாத தட்டில் வைத்தேன்.

அடுத்த வாரம் முழுக்க மறுப்பதற்கு ஆளில்லை. அறையைப் பூட்ட வந்த ஊழியரிடம் முள்மயிர் பற்றிப் பேச்செடுத்தேன். “உள்ள இருந்தா பூட்டிருவேன் தம்பி” என்றார். நியாயமான கருத்து. ஆனால் அதை எதிர்த்து வாதாட முடியவில்லை.

மறுநாள் மாலை தாளை எடுத்து லென்ஸில் பார்த்தேன். முள்மயிர் நுனியில் மட்டும்தான் இருந்தது. ‘செட்டேரியா’ என்று சீட்டு எழுதினேன். கையெழுத்திட்டேன். பசை பிடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். படமெடுத்து அனுப்பினேன்.

“அண்ணே, சேத்துட்டேன். முடிஞ்சா மறுத்துப் பாருங்க.”

பிறகு செட்டேரியாவின் பழைய உறையைத் திறந்து, மற்ற புற்களைச் சற்று விலக்கி, அதற்கும் ஓர் இடம் செய்து வைத்தேன்.