மேஜர் கீழே நிற்காத பாலம்

எங்கள் மேஜரைப் பிடிக்காதவர்கள் எங்கள் படைப்பிரிவில் யாருமே கிடையாது. எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருப்பது அதுதான். ஒரு சிடுமூஞ்சி, சிப்பாயை மாடு மாதிரி விரட்டுகிறவர், வாயைத் திறந்தால் வசவு என்று இருக்கிற ஒருத்தர் என் காலை வாரிவிட்டிருந்தால், போய்த் தொலை என்று துடைத்துப்போட்டிருப்பேன். இவர் தங்கமான மனிதர். அவரை நம்பித்தான் நான் நடுத்தெருவுக்கு வந்தேன்.

நாங்கள் பாலம் போடுகிற ஆட்கள். பட்டாளம் என்றதும் எல்லாரும் துப்பாக்கியை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கையில் எந்நேரமும் இருந்தது சம்மட்டியும் கடப்பாரையும்தான். வெள்ளம் ஒரு பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டால் எங்களைக் கூப்பிடுவார்கள். இரும்புச் சட்டங்களை ஒன்றோடு ஒன்று கோத்து, உருளைகள் மேல் வைத்துத் தள்ளி, அக்கரையில் கொண்டுபோய் உட்காரவைப்போம். உட்காருகிற இடத்தில் ஒரு கனத்த தகடு. அதற்கு அடியில் கட்டைகளைக் கொடுத்து, தகட்டை ஆடாமல் இறுக முடுக்கினால்தான் அது பாலம். அதுவரைக்கும் வெறும் இரும்பு.

புதுப் பாலத்தில் முதல் வண்டி போகும்போது மேஜர் கீழே இறங்கிவிடுவார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கி, பாலத்துக்கு நேர் அடியில் நிற்பார். முதல்முறை நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

"விழுந்தா என் தலையிலதானய்யா முதல்ல விழணும்? அப்பத்தான் நீங்க ஒழுங்கா முடுக்குவீங்க" என்றார்.

அவர் தலையில் விழக்கூடாது என்பதற்காக நாங்கள் பேய் மாதிரி வேலை செய்தோம். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் தட்டை எடுப்பார். யாருடைய மனைவிக்குப் பிரசவம், யாருடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாக வரும் அதிகாரிகளுக்குத் தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுப்பது அவர்தான். பாராட்டு வந்தால் கீழே அனுப்பு, பழி வந்தால் மேலே வாங்கிக்கொள் என்பார். அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று: மேலதிகாரியின் பெயரைச் சொல்லி உத்தரவு போடாதே. பிடிக்காத உத்தரவாக இருந்தாலும், உனக்கு வந்த பிறகு அது உன்னுடையது. 'மேலே சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது' என்கிறவனை எந்தச் சிப்பாயும் மதிக்கமாட்டான்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒப்பிப்பேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"உங்க மேஜருக்கு இருமல் வந்தா நீங்க மருந்து குடிப்பீங்க போலிருக்கே" என்றாள் ஒருநாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உத்தரவு வாங்குகிறவன் அதை உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை அசைக்கவேண்டும். 'தூக்கறேன்' என்றால் எல்லாரும் தூக்குவார்கள், 'விடறேன்' என்றால் எல்லாரும் விடுவார்கள். ஒருத்தன் முந்தினால் இன்னொருத்தனின் விரல் நசுங்கும். அந்தக் கூச்சலுக்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம். கடைத்தெருவில் காய்கறிக்காரர் விலை சொன்னால்கூட வாய் தானாகத் திருப்பிச் சொல்லும்.

எனக்கு மட்டும் மேஜர் அதிலிருந்து விலக்குக் கொடுத்தார். ஒரு மழை நாளில் நான் வழக்கம்போல உரக்கத் திருப்பிச் சொன்னபோது சிரித்துக்கொண்டே கையமர்த்தினார்.

"நமக்குள்ள எதுக்குய்யா கூச்சல்? நான் பாதி சொன்னாலே மீதியைச் செய்யற ஆள் நீ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதக்கம் குத்தியிருந்தால்கூட அவ்வளவு பூரித்திருக்கமாட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் சொன்னேன்.

"மத்தவங்களுக்கு இருக்கறது உங்களுக்கு இல்லேங்கறீங்க. இதுல என்ன பெருமை?" என்றாள்.

பட்டாள வேலை உனக்கு எங்கே புரியப்போகிறது என்று அவள் வாயை அடைத்தேன்.

விபத்து நடந்த அன்று ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் அக்கரை மண் ஊறிப்போய்ச் சேறாக இருந்தது. தகட்டுக்கு அடியில் எத்தனை கட்டை கொடுத்தாலும் விழுங்கிக்கொண்டே இருந்தது. அங்கே நின்றவன் எங்கள் கொடிக்காரன். தகடு முடுக்கும்வரை சிவப்புக்கொடி, முடுக்கிய பிறகு பச்சை. அதுதான் அவன் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மனைவி மாசமாக இருந்தாள். இக்கரையில் கிரேன் லாரியோடு ஆமை காத்திருந்தான். எங்கள் பிரிவிலேயே மெதுவாக ஓட்டுகிறவன், அதனால் அந்தப் பெயர். முதல் வண்டி எப்போதும் அவனுடையதுதான்.

பிரிகேடியர் பார்வையிட வருவதாக இருந்தது. மேஜர் சாலையையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பரபரத்து நான் பார்த்ததில்லை. பதவி உயர்வு அந்த வருகையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்குக் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதவன் எங்களில் இல்லை. வளைவில் ஜீப்புகளின் புழுதி தெரிந்ததும் என் பக்கத்தில் வந்தார்.

"கிரேன் வண்டியை விடு. அவர் வர்றப்போ அது அக்கரையில நிக்கணும்."

"சார், அந்தப் பக்கத் தகடு இன்னும் முடுக்கலை."

"ஒரே ஒரு வண்டிதானய்யா. நான் பாத்துக்கறேன், விடு."

என் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு ஜீப்புகளை வரவேற்கச் சாலைப் பக்கம் நடந்தார். அவர் தண்ணீரில் இறங்கவில்லை. அது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

வாக்கிடாக்கியில் கொடிக்காரனைக் கூப்பிட்டுப் பச்சை காட்டு என்றேன்.

"இன்னும் முடுக்கலை, சார்ஜண்ட்" என்றான் தணிந்த குரலில், என் காதில் மட்டும்.

மேஜர் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நல்ல மாணவன் ஆயிற்றே.

"நான் சொல்றேன், காட்டு."

அவன் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொன்னான். "பச்சை காட்டறேன், சார்ஜண்ட் உத்தரவு." கொடி ஏறியது. ஆமை வழக்கம்போல ஊர்ந்துதான் போனான். முக்கால்வாசி போனபோது அக்கரைத் தகடு சேற்றில் ஒருபக்கமாகச் சரிந்தது. பாலம் முறுக்கிக்கொண்டது, லாரி பக்கவாட்டில் போய்த் தண்ணீரில் விழுந்தது. வண்டியின் முன்பகுதியை அறுத்துத்தான் ஆமையை வெளியே எடுத்தோம். உயிர் இருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடியும்வரை மேஜர் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஆமையின் அம்மா வந்து அலறியபோது அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். அது நடிப்பில்லை, இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"விசாரணை வரும். நீ எதுவும் பேச வேண்டாம். உத்தரவு என்னோடதுன்னு நான் சொல்லிக்கறேன்" என்றார்.

நான் அவர் முன்னால் சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினேன். தோளில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டில் மனைவி தூங்காமல் விழித்திருந்தாள். அவள் கவலை அவளுக்கு. சார்ஜண்ட் பட்டை இருப்பதால்தான் எங்களுக்குக் குடியிருப்பில் இந்த வீடு. பட்டை போனால் வீடு போகும், மகள் நடந்துபோகிற பள்ளிக்கூடமும் போகும்.

"மேஜர் ஒத்துக்கறேன்னு சொல்லிட்டார்" என்றேன்.

"அவரே சொன்னாரா? அவர் வாயால?"

"அவர் வாயால."

அவள் முதல்முறையாக அவரைக் கிண்டல் செய்யவில்லை. "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

விசாரணை வகுப்பறையில் நடந்தது. மேஜர் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுக்கிற அதே அறை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, மேஜைமேல் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த கர்னல் விசாரித்தார். முதலில் மேஜரைக் கூப்பிட்டார்கள். நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கிட்டத்தட்ட நிம்மதியாக.

"வண்டியை விடச் சொன்னது நீங்களா?" என்று கர்னல் கேட்டார்.

"இல்லை சார்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். மேஜர் நிதானமாகத் தொடர்ந்தார். "எங்க பிரிவுல உத்தரவு வாங்கறவன் உரக்கத் திருப்பிச் சொல்லணும். அது கட்டாயம். அன்னிக்கு சார்ஜண்ட் அப்படி ஏதாவது திருப்பிச் சொன்னதை யாராவது கேட்டாங்களான்னு விசாரிச்சுப் பாருங்க."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"என்கிட்ட இருக்கறதுல சிறந்த ஆள் அவர்தான் சார். ஆர்வக்கோளாறுல பண்ணிட்டார். தயவுசெஞ்சு கொஞ்சம் இரக்கம் காட்டணும்."

எனக்காகக் கெஞ்சினார். குரல்கூடக் கம்மியது. என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலை பத்திரம் என்கிறார் இந்த மனிதர். எழுந்து போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது.

இக்கரையில் இருந்தவர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் என் கூட்டாளிகள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருத்தன்கூடப் பொய் சொல்லவில்லை. சார்ஜண்ட் திருப்பிச் சொன்னாரா? இல்லை சார், கேட்கலை. அவர்களுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

என் முறை வந்தது. மேஜர்தான் சொன்னார் என்றேன். கேட்டவர்கள் யார் என்றார் கர்னல். யாரும் இல்லை. கொடிக்காரனிடமாவது மேஜர் பெயரைச் சொன்னீரா? சொல்லவில்லை. ஏன்? சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கேதான் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கர்னல் கெட்டவரில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்து பேசினார்.

"சார்ஜண்ட், விதிப்படி பச்சை காட்டறது கொடிக்காரனோட பொறுப்பு. தகடு முடுக்கலைன்னா யார் சொன்னாலும் அவன் சிவப்பை இறக்கக்கூடாது. அதுக்கு முன்னாடி வாக்கிடாக்கியில அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்? தகடு தயார்னு சொன்னானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? 'ஆமாம்' என்று ஒரு சொல். வாக்கிடாக்கியில் அவன் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் என் பட்டை தப்பும், வீடு தப்பும். கொடிக்காரனை வேலையைவிட்டே அனுப்புவார்கள். அவன் கதவோரம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். மேஜர் என்னிடம் செய்ததை நான் அவனிடம் செய்யவேண்டும், அவ்வளவுதான். மகளின் முகம் வந்தது. ஆத்திரமும் வந்தது. நான் மட்டும் ஏன் ஏமாந்தவனாக இருக்கவேண்டும்?

"இல்லை சார்" என்றேன். "முடுக்கலைன்னுதான் சொன்னான். நான்தான் காட்டச் சொன்னேன்."

கர்னல் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அதற்குமேல் அவர் கேட்க ஒன்றும் இல்லை. பட்டைகள் பறிக்கப்படும், கிடங்கு வேலைக்கு மாற்றம், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

வெளியே தாழ்வாரத்தில் மேஜர் பின்னாலேயே வந்தார். தோளில் கை வைத்தார். முகத்தில் ஒரு பெரிய நிம்மதி.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணினேய்யா. நீ அந்தப் பையன் மேல போடமாட்டேன்னு எனக்குத் தெரியும். அவன் வாழ்க்கை போயிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது."

அவர் கையை எடுத்து விலக்கினேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படித் தொட்டதில்லை.

"நான் போறதைத் தாங்க முடிஞ்சுதா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். வகுப்பில் யாராவது நல்ல கேள்வி கேட்டால் யோசிப்பாரே, அதே மாதிரி.

"நீ தாங்குவே" என்றார். "உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். கொடிக்காரன் தாங்கமாட்டான், அவருக்குத் தாங்க இஷ்டமில்லை, எனக்குத் தாங்கத் தெரியும். எங்கள் எல்லாரையும் பற்றி இவ்வளவு அக்கறையாகத் தெரிந்துவைத்திருந்தது இதற்கும் உதவியிருக்கிறது. அவர் கோழையாகவே இருந்து தொலைந்திருக்கலாம். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, அவர் எனக்குச் செய்த ஒவ்வொரு நல்லதையும் சந்தேகப்படவேண்டியதாகிவிட்டது. இனி எந்த மனிதன் என் பிள்ளையின் படிப்பை விசாரித்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போனேன். சேதி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. மனைவி அலமாரியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.

"அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்றாள்.

"நான் தாங்குவேன்னு சொன்னார்."

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தாங்க முடியுதா?"

"முடியலை" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அவள் கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி எனக்கு உட்கார இடம் செய்தாள்.