காதில் விழுந்த பாதி

கவுன்சலிங் இலவசம் என்று எச்.ஆர். பெண் சொன்னார். செலவு கம்பெனியுடையது. என் மனைவி ஷாலினி டெங்குவில் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் பதில் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை.

ஆப்பில் மொழி கேட்டது. ஆங்கிலம், கன்னடம், தமிழ், இந்தி. தாய்மொழியில் பேசினால் மனம் திறக்கும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. தமிழைத் தொட்டேன்.

ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் எல்லாம் ஒரே நீளக் கூரையின் கீழ் இருக்கின்றன. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்திருக்கும். பக்கத்து வீட்டில் தாளித்தால் இங்கே தும்மல் வரும். அதனால் லைனில் ஒரு வழக்கம் உண்டு. சுவருக்கு மேலே வந்தது எதுவானாலும், கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சண்டையோ அழுகையோ, எதுவும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து வீடு ஷாலினியின் அம்மா வீடு. யசோதா அத்தை. பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் நான் கட்டிக்கொண்டேன். என் மகள் நிலாவுக்கு இரண்டரை வயது. பகலில் அங்கே இருப்பாள். சாயங்காலம் வேலை முடித்துவிட்டுப் போய்த் தூக்கி வருவேன்.

முதல் செஷன் ஞாயிற்றுக்கிழமை காலை. நிலா அத்தை வீட்டில் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டு இயர்போன் மாட்டினேன். கவுன்சலர் பெயர் ராதிகா. பெங்களூரில் வளர்ந்த தமிழ்.

"நீங்க இருக்கற இடம் பிரைவேட்தானே, பாரி?"

"ஆமா."

இயர்போன் மாட்டியிருந்ததால் அப்படி நினைத்துக்கொண்டேன்.

"நிலா அழுதா உங்களுக்கு என்ன தோணுது?"

"ஒண்ணும் தோணல."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"தூக்குவேன். பசியா, ஈரமான்னு பாப்பேன். அவ்வளவுதான். உள்ள ஒண்ணும் இல்ல. நிலா யார் வீட்டுக் குழந்தையோ மாதிரி இருக்கு."

"எப்ப கொஞ்சம் லேசா இருக்கும்?"

"அவ இங்க இல்லாதப்ப."

 ராதிகா மெதுவாகச் சொன்னார். இது பாசம் இல்லாமல் போவது அல்ல, அடிபட்ட இடம் மரத்துப்போவது. தினமும் தூக்குகிறீர்கள், குளிப்பாட்டுகிறீர்கள், சோறு ஊட்டுகிறீர்கள். அதுதான் இப்போதைக்குப் பாசம். மற்றது பின்னால் வரும்.

நான் நம்பவில்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

அன்று சாயங்காலம் நிலாவைத் தூக்கப் போனேன். அத்தை வாசற்படியை விட்டு நகரவில்லை.

"தூங்கிட்டா. இங்கயே கெடக்கட்டும். நீங்க போங்க."

அத்தை என்னைக் கால்சட்டைப் பருவத்திலிருந்து பார்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் 'நீ' என்றுதான் சொல்வார். உள்ளே நிலா சிரிக்கும் சத்தம் கேட்டது. "தூங்கிட்டா" என்றார் மறுபடியும்.

மறுநாளும் அப்படித்தான்.

புதன்கிழமை மட்டும் பெங்களூர் ஆபீசுக்குப் போக வேண்டும்; போய்விட்டு ரயிலில் திரும்பினேன். ஸ்டேஷன் டீக்கடையில் ஏனோக் மாமா இருந்தார். சுரங்க ஷாஃப்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். என் வீட்டின் மறுபக்கச் சுவர் அவருடையது.

"இன்னாப்பா, ஞாயித்துக்கெழம காதுல மாட்டிக்கினு ரொம்ப நேரம் பேசினுருந்த?"

"ஆபீஸ் கால், மாமா."

"உள்ள ஒண்ணும் இல்லன்னு சொன்னா உங்க ஆபீஸ்ல சம்பளம் தராங்களா? அப்ப எனக்கும் ஒரு வேல வாங்கிக் குடு."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அது காதுக்குத்தாம்பா மூடி. வாய்க்கு இல்ல. அந்தாண்ட பேசினது உனக்கு மட்டும் கேட்டுது. நீ பேசினது லைனுக்கே கேட்டுது."

டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"யசோதா வாயே தொறக்கல. மகனுக்குப் போன் போட்டா. வர ஞாயித்துக்கெழம மகிழன் கார் எடுத்துக்கினு வரான். பாப்பாவ இட்டுக்கினு ஓசூருக்கே போறாளாம். நான் சொன்னேன்னு காட்டிக்காத."

மகிழன் ஷாலினியின் அண்ணன். ஓசூரில் வேலை.

நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். நிலாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஓசூர் போறீங்களாமே, அத்தை?"

"மகிழன் கூப்பிடறான்."

"நிலா?"

"அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கட்டும்."

நீ பேசியதைக் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விளக்கியிருப்பேன். சொல்லவில்லை. அவர் காதில் விழவே இல்லை என்றால் நான் விளக்க ஒன்றும் இல்லை. நிலா என் பேன்ட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் தலையில் கை வைத்தேன். திரும்பி வந்தேன்.

ஒரு யோசனை தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலைதான் இரண்டாவது செஷன். போன வாரம் சொன்னதை ராதிகாவே மறுபடி சொல்லட்டும். இயர்போன் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை மகிழன் வந்தான். வாசலில் என்னைப் பார்த்து "எப்படி கீற மாப்ள?" என்றான். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டான். நான் லேப்டாப்பை அத்தை வீட்டுப் பக்கத்து நடுச்சுவர் ஓரம் வைத்துச் சத்தத்தை முழுவதும் ஏற்றினேன்.

"ராதிகா, போன வாரம் மரத்துப்போறதுன்னு ஒண்ணு சொன்னீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. முழுசா."

"எக்கோ வருது பாரி. இயர்போன் போடலையா?"

"இல்ல."

"ரூம்ல யாராவது இருக்காங்களா?"

பக்கத்து வீட்டில் டிவி நின்றது.

பொய் சொல்லியிருக்கலாம். "ரூம்ல இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் அத்தை இருக்காங்க. அவங்க கேக்கணும்."

"அப்ப நான் அதைப் பேசக் கூடாது, பாரி. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"பரவாயில்லன்னு நானே சொல்றேன்."

"புரியுது. ஆனா ரூல்ஸ் அப்படி. குடும்பத்தோட பேசணும்னா தனி செஷன் புக் பண்ணணும். அடுத்த வாரம் பார்க்கலாமா?"

"அடுத்த வாரம் குழந்தை இங்க இருக்காது."

ராதிகா கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அவங்ககிட்ட நீங்களே சொல்லலாமே. உங்க வார்த்தையில."

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை பேசினார். என்னிடம் இல்லை. நேராகச் சொல்ல முடியாததை எங்கள் லைனில் குழந்தையிடம்தான் சொல்வார்கள்.

"பாப்பா, உங்கப்பனுக்காகப் பேச பெங்களூர்லேந்து ஆள் வரணுமா? அவன் வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?"

"கொழுக்கட்ட" என்றாள் நிலா.

"துணியெல்லாம் பையில வெச்சாச்சு. இன்னும் மூடல. எம் பொண்ண எங்கயும் அனுப்பமாட்டேன்னு அவன் ஒரு வார்த்த சொல்லட்டும். எல்லாத்தையும் எடுத்து மறுபடி அலமாரியில வெச்சுடறேன். கோவமா சொன்னாலும் சரி. என்னைத் திட்டினாலும் சரி."

'அவன்' என்று சொன்னார். 'அவர்' இல்லை.

ஏனோக் மாமா வீட்டில் பாத்திரம் உருட்டும் சத்தமும் நின்றிருந்தது. "பாரி, இருக்கீங்களா?" என்றார் ராதிகா.

அனுப்பமாட்டேன். ஒரே சொல். தெரியும். வாயைத் திறந்தேன். அதை வெளியே தள்ள உள்ளே ஏதாவது வேண்டியிருந்தது. தேடினேன். வெறும் குரலில் சொன்னாலும் போதும் என்று அத்தை நினைத்திருக்கலாம். அதுவும் தெரியும். மூச்சுதான் வந்தது.

"அவ தயிர்சாதம் சாப்பிடமாட்டா" என்றேன். "ஓசூர்ல சொல்லிடுங்க. ரசம்னா சாப்பிடுவா."



"எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. அது நிலாவிடம் சொன்னது இல்லை. குரல் உடைந்திருந்தது.

பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. சுவருக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீதி ஜிப்பும் மெதுவாக மூடியது.